மீன் தொட்டி நீரில் புல்தரை: அக்வாபோனிக்ஸ் முறையில் நீரும் உரமும் தர முழுமையான வழிகாட்டி

மீன் வளரும் நீரிலேயே செடியையும் வளர்க்கும் முறைதான் அக்வாபோனிக்ஸ். அதைச் சொன்னதும் கீரையும் தக்காளியும்தான் நினைவுக்கு வரும். புல்தரையை அதோடு சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் வீட்டின் பின்புறத்தில் வாரம் தவறாமல் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது புல்தான். மீன் தொட்டியிலோ வாரம் தவறாமல் கொஞ்சம் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் விட்டாக வேண்டும். அந்தப் பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் புல்லுக்குத் திருப்பிவிடுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். புல் நிறையக் குடிக்கும், கொஞ்சமாகத்தான் சாப்பிடும். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி குழுவினர் மிதவைப் படுகைக் கீரைகளுக்கு, அதாவது நீரில் மிதக்கும் பலகையில் வளரும் கீரைகளுக்கு வகுத்த அளவு, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் மீன் தீவனம். புல்தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் போதும். கீரைக்கான கணக்கைப் புல்லுக்கு அப்படியே போட்டு மீனை அடைத்துவிட்டால், மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் நீரில் ஏறிக்கொண்டே போகும், புல்லால் அதைத் தின்று தீர்க்க முடியாது. அதனால் இங்கே தண்ணீர்க் கணக்கையும் தீவனக் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும்.

புல்லுக்குப் போன நீர் திரும்பி வரக்கூடாது

வழக்கமான அக்வாபோனிக்ஸில் நீர் சுற்றிச் சுற்றி வரும். தொட்டியிலிருந்து படுகைக்கும், படுகையிலிருந்து தொட்டிக்கும். புல்தரையையே ஒரு பெரிய படுகையாக வைத்து, வடியும் நீரைப் பிடித்து மீண்டும் தொட்டிக்கு விடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். மண் கரைந்து வரும், மண்ணில் எப்போதோ தெளித்த பூச்சிமருந்தும் கூடவே வரும். பைரெத்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். தவிர, புல்தரைக்குப் போன நீரின் பெரும்பகுதி புல் வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகிவிடும். பிடிக்க மிச்சமே இருக்காது.

ஆகவே இரண்டு பாதைகள் வேண்டும். மீன் தொட்டி, வடிகட்டி, ஜல்லிப் படுகை மூன்றும் தமக்குள் சுற்றும் ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து புல்லுக்குப் போகும் ஒரு கிளை. கிளையில் போன நீருக்கு ஈடாகப் புதுநீர் தொட்டிக்கு வரும்.

படி 1: கணக்கு

20 சதுர மீட்டர் புல்தரையை எடுத்துக்கொள்வோம், 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். முதல் முயற்சிக்கு இதற்கு மேல் போகாதீர்கள்.

நன்றாக வளரும் பருவத்தில் புல்லுக்கு வாரம் சுமார் 25 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். அப்படியானால் 20 சதுர மீட்டருக்கு வாரம் 500 லிட்டர், நாளுக்குச் சுமார் 70 லிட்டர். 1000 லிட்டர் தொட்டியிலிருந்து தினமும் 70 லிட்டர் என்றால் 7 சதவீதம். மீனுக்கு அது தாங்கக்கூடிய நீர்மாற்றம் மட்டுமல்ல, நல்ல நீர்மாற்றமும்கூட.

அடுத்து தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வளரும் மாதங்களில் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் 4 கிராம் அளவில் கொடுத்தால் அருகம்புல் போன்ற வகைகள் பசுமையாக நிற்கும். 20 சதுர மீட்டருக்கு 80 கிராம். 32 சதவீதப் புரதம் உள்ள ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 51 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் கிட்டத்தட்ட 29 கிராம் அம்மோனியாவாக நீரில் சேரும், மீதி மீனின் உடலிலும் கசடிலும் தங்கும். மாதம் 3 கிலோ, அதாவது நாளுக்கு 100 கிராம் தீவனம் போட்டால் மாதம் 87 கிராம் நைட்ரஜன் நீருக்கு வரும். நமக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுதான்.

வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு ஒரு நாளில் சாப்பிடும். 100 கிராம் தீவனத்துக்கு ஆறரை கிலோ மீன், அதாவது தலா 300 கிராம் எடையில் 20, 22 மீன்கள். 1000 லிட்டருக்கு இது நெரிசல் இல்லாத அளவு.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதித் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படி 2: தொட்டி, வடிகட்டி, படுகை

இரும்புக் கூண்டுக்குள் வரும் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இதற்குக் கச்சிதம். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வாங்க வேண்டாம், உணவுப் பொருள் இருந்த தொட்டிதான் வேண்டும். நிரம்பினால் எடை ஒரு டன்னுக்கு மேல் போகும். தரையை மட்டம் பார்த்து, இறுக்கி, அதன்பின் வையுங்கள். வெயில் படும் பக்கங்களை மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாசி பிடிக்கும். மேலே வலை போடுங்கள்.

தொட்டியின் அடியில் ஒரு பம்பு. ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கிய பின்னும் மணிக்கு 1000 லிட்டர் தருவதாக இருக்க வேண்டும். பம்பிலிருந்து நீர் முதலில் 100 லிட்டர் டிரம்முக்குள், பக்கச் சுவரை ஒட்டிச் சுழன்றபடி விழட்டும். சுழலும் நீரில் கசடு நடுவில் அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலே உள்ள குழாய் வழியாகப் படுகைக்குப் போகும். டிரம்மின் அடியில் ஒரு வால்வு வையுங்கள், கசடை அதன் வழியாகத்தான் எடுப்பீர்கள். பம்புக் குழாய் டிரம்முக்குள் நுழையும் இடத்துக்கு மேலே ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள். மின்சாரம் நின்றால் அந்தத் துளை காற்றை இழுத்துக்கொள்ளும், டிரம் நீர் பின்னோக்கி வடியாது.

படுகை ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால் போதும். 12 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி. ஜல்லியில் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், அது நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஹெச்சை ஏற்றிவிடும், வேறு ஜல்லி தேடுங்கள். படுகையின் எடை அரை டன்னைத் தாண்டும், மரப்பலகையை நம்பாமல் செங்கல் அல்லது இரும்புத் தாங்கி போடுங்கள்.

படுகைகளில், நிரம்பியதும் நீரைத் தானாக வடித்துவிடும் பெல் சைபன் வைத்து நீர் ஏறி இறங்கச் செய்வது வழக்கம். இந்த அமைப்பில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். படுகை நிரம்பும்போதெல்லாம் தொட்டியின் நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கி ஏறும். அடுத்த படியில் வரும் குழாய்க்கு நீர்மட்டம் அசையாமல் இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் நீரை நிறுத்தும் நிற்குழாய் போதும். அதில் விழும் நீர் நேரே தொட்டிக்குத் திரும்பட்டும். படுகையில் புதினாவோ கீரையோ நட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

காற்றுப் பம்பு மட்டும் கட்டாயம். 20 டிகிரியில் நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கு 5க்குக் குறையக்கூடாது. பேட்டரியில் ஓடும் இன்னொரு சிறு காற்றுப் பம்பை மின்வெட்டுக்காக வைத்திருங்கள்.

படி 3: புல்லுக்கு நீர் எடுக்கும் வாய்

மொத்த வேலையிலும் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

என் முதல் அமைப்பில் புல்தரைப் பம்பையும் தொட்டியின் அடியிலேயே போட்டிருந்தேன். ஒரு நாள் இரவு டைமர் ஓட்டியபோது புல்தரைக் குழாயின் இணைப்பு ஒன்று கழன்றுவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர். முதுகுத் துடுப்பு வெளியே தெரிய, மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த சுவிட்சையும் மட்டும் நம்புவதில்லை. நீர் எடுக்கும் குழாயின் வாயை, தொட்டியின் முழு நீர்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே மட்டும் வைக்கிறேன். புல்லுக்கு ஒரு முறை விடும் 140 லிட்டர் போனால் இந்த அளவுத் தொட்டியில் நீர்மட்டம் சுமார் 12 சென்டிமீட்டர்தான் இறங்கும். குழாய் உடைந்தாலும், டைமர் பழுதானாலும், வாய்க்குக் கீழே நீர் போகவே வழியில்லை. வாய் காற்றை இழுத்தால் பம்பு வீணாகும், அதற்கு மிதவை சுவிட்ச் ஒன்று. சுவிட்ச் பம்பைக் காப்பதற்கு, குழாயின் உயரம் மீனைக் காப்பதற்கு.

வாயைப் படுகையிலிருந்து நீர் திரும்பும் இடத்துக்கு அருகில் வையுங்கள், அங்கேதான் கசடு குறைவு. பம்பு தொட்டிக்கு வெளியே நிற்கட்டும். சொட்டுநீர்க் குழாய்களுக்கு 1 பார் அழுத்தம் வேண்டும், அலங்காரத் தொட்டிகளுக்கு விற்கும் சிறு பம்பு அதைத் தராது.

படி 4: மண்ணுக்கடியில் சொட்டுநீர்

நீர்த்தெளிப்பான் வேண்டாம். மீன் நீர் துளித்துளியாகக் காற்றில் பறந்தால் வாடை வரும், அதிலுள்ள கிருமிகளும் பரவும், குழந்தைகள் விளையாடும் இடம் வேறு. மண்ணுக்கடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் சொட்டுநீர்க் குழாய் பதிப்பதுதான் சரி. குழாய்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர், சொட்டுவாய்களுக்கு இடையேயும் 30. நம் 20 சதுர மீட்டருக்கு 13 வரிசைகளும் ஏறத்தாழ 220 சொட்டுவாய்களும் வரும். ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் மொத்தம் 440 லிட்டர். 140 லிட்டர் போக சுமார் 19 நிமிடம்.

ஏற்கெனவே வளர்ந்த புல்தரையில் குழாய் பதிக்க, மண்வெட்டியால் ஒரு கீற்றுப் போல வெட்டி, குழாயை அழுத்தி, புல்லை மிதித்து மூடிவிடலாம். இரண்டு வாரத்தில் தழும்பு தெரியாது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் 140 லிட்டராக விடுங்கள். வேர் ஆழமாகப் போகும். களிமண் என்றால் அதையே இரண்டு தவணையாகப் பிரியுங்கள், மணல் என்றால் ஒரே தவணை போதும்.

பம்புக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் நடுவே 120 மெஷ் தட்டு வடிகட்டி கட்டாயம். முதல் மாதத்தில் நாலு நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தட்டுகளுக்கு நடுவே வழவழவென்று பழுப்பு நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும், விரலால் தொட்டால் சோப்பு போல வழுக்கும். அது பாக்டீரியாப் படலம். அதைக் கழுவாமல் விட்டால் புல்தரையில் அங்கங்கே மஞ்சள் திட்டு வரும், நோய் என்று நினைத்து மருந்து தேடுவீர்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வரிசையின் கடைசி மூடியையும் திறந்து ஒரு நிமிடம் நீரை ஓடவிடுங்கள்.

படி 5: மாற்று நீர்

ஒரு 200 லிட்டர் டிரம்மில் குழாய் நீரைப் பிடித்து, காற்றுக் கல் போட்டு ஒன்றிரண்டு நாள் வையுங்கள். குளோரின் போய்விடும். உங்கள் பகுதியில் குளோரமின் கலக்கிறார்கள் என்றால் அது தானாகப் போகாது, வைட்டமின் சி தூளோ மீன் தொட்டிக்கான குளோரின் நீக்கியோ வேண்டும். புல்லுக்கு 140 லிட்டர் போனதும் இந்த டிரம்மிலிருந்து மெதுவாகத் தொட்டிக்கு விடுங்கள். தொட்டி நீருக்கும் இதற்கும் வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் வேறுபட வேண்டாம். மழைநீர் சேமித்தால் இன்னும் நல்லது, ஆனால் பிஹெச் இறங்காமல் தாங்கும் காரத்தன்மை அதில் இருக்காது, பிஹெச்சைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

படி 6: பாக்டீரியாவுக்குக் காத்திருத்தல்

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். மீன் வெளியிடும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது புல்லுக்கு உணவு, மீனும் அதை ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் ஜல்லியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

மீன் இல்லாமலே இதைச் செய்யுங்கள். 1000 லிட்டருக்கு 8 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் நைட்ரஜன் அளவில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும். பம்பும் காற்றும் இரவுபகலாக ஓடட்டும். சிறு குழாயில் நீர் எடுத்து மருந்துத் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அம்மோனியா குழாய் முதலில் பச்சையாகவே இருக்கும், பத்து நாளில் மஞ்சள் பக்கம் நகரத் தொடங்கும். அப்போது நைட்ரைட் குழாய் ஊதாவாக மாறும். அந்த ஊதா நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அசையாது. எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும், தொட்டியைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாமா என்றுகூடத் தோன்றும். செய்யாதீர்கள். ஒரு நாள் காலையில் திடீரென்று வெளிர் நீலமாகிவிடும்.

மறுபடி 8 கிராம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். அதுவரை புல்லுக்குச் சாதாரண நீரையே விடுங்கள்.

படி 7: மீன்

எந்த மீன் என்பது உங்கள் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பமான இடத்துக்குத் திலேப்பியா, மிதமான இடத்துக்குக் கெண்டை வகைகள். சில நாடுகளில் திலேப்பியா வளர்க்கத் தடையோ உரிமமோ உண்டு, முதலில் விசாரியுங்கள். என்னைக் கேட்டால், புல்தரைக்கு மட்டும் என்றால் தங்கமீனும் கோய் கெண்டையும்தான் சிறந்தவை. குளிரையும் வெயிலையும் தாங்கும். பிடித்துச் சாப்பிட்டுத் தீர்க்காததால் தீவன அளவும் மாதாமாதம் ஆடாது, புல்லுக்கு வேண்டியதே அந்தச் சீரான வரத்துதான்.

தீவனத்தை நாளுக்கு 20 கிராமில் தொடங்கி, வாரத்துக்கு 10, 15 கிராம் வீதம் ஏற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிடுங்கள். விடியற்காலையில் ஒருமுறை தொட்டியை எட்டிப் பாருங்கள், ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து காற்றை விழுங்கினால் அன்றைக்குத் தீவனம் போடாமல் காற்றைக் கூட்டுங்கள்.

படி 8: வாராந்திரச் சோதனை

பிஹெச் 6.8க்கும் 7.2க்கும் நடுவே இருக்கட்டும். 7இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். 8இல், 28 டிகிரி வெப்பத்தில், அது ஆறேழு சதவீதமாகிவிடும்.

நைட்ரேட் உருவாகும்போதெல்லாம் நீரின் காரத்தன்மை கரையும், ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையாக. நம் கணக்கில் நாளுக்கு 20 கிராம். புதுநீர் அதில் பாதியை ஈடுகட்டலாம். பிஹெச் 6.8க்குக் கீழே போனால் 20 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டைக் கரைத்து விட்டு, மறுநாள் அளந்து பார்த்துத் தொடருங்கள். அடுத்த முறை கால்சியம் ஹைட்ராக்சைடு, சிட்டிகை சிட்டிகையாக, கையுறையோடு. மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு சத்தும் புல்லுக்குப் போகும்.

தீவனம் முழு அளவுக்கு வந்தபின் நைட்ரேட் லிட்டருக்கு 180 மில்லிகிராம் வரை ஏறி அங்கே நிற்கலாம். படுகைச் செடிகள் இருந்தால் அதற்கும் குறைவு.

புல் காட்டும் குறைகள்

தீவனத்தில் இரும்பும் பொட்டாசியமும் குறைவு. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. நீரில் கரைந்தே நிற்கும் கீலேட் வடிவ இரும்பை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் தொட்டியில் கலக்கலாம். பழைய இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம். பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை, தீவனத்தைக் கூட்டும் முன் வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விட்டால் நைட்ரஜனில் கால்வாசி வரை மண்ணுக்குத் திரும்பும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

புல்தரைக்கு இனிமேல் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கிடையாது. காற்றில் வரும் தூறல்கூடத் தொட்டிக்கு ஆகாது. மீனுக்கு உப்போ தாமிர மருந்தோ கொடுக்க நேர்ந்தால், நோய் மீனைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே கொடுங்கள். உப்பு நீர் மண்ணில் இறங்கினால் எடுக்க முடியாது. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டி நீரில் கை விட வேண்டாம்.

மழை நாட்களும் குளிர் மாதங்களும்

மழை பெய்தால் புல்லுக்கு நீர் வேண்டாம், மீனோ சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். நீர் எடுக்காத ஒவ்வொரு நாளும் நைட்ரேட் லிட்டருக்கு 13 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். ஒரு வாரம் என்றால் பயமில்லை. அதற்கு மேல் நீண்டால் தீவனத்தைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் மரங்களின் அடிக்கு நீரைத் திருப்புங்கள். குளிரில் புல் உறங்கும், மீனும் குறைவாகத்தான் சாப்பிடும், இரண்டும் தானாகவே ஒத்துப்போய்விடும்.

கசடு

சுழல் டிரம்மின் அடி வால்வை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்தால், அடர்ந்த காப்பி நிறத்தில் ஒரு வாளி கிடைக்கும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. இதை நேராகப் புல்மேல் ஊற்றினால் காய்ந்து தோல் போலப் படிந்து புல்லை மூச்சுத்திணற வைக்கும். தனி டிரம்மில் காற்றுக் கல் போட்டு இரண்டு வாரம் வைத்தால் வாடை அடங்கி, சத்து கரைந்து வரும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, புல் வெட்டிய மறுநாள் பூவாளியால் ஊற்றிவிட்டு, மேலே சாதாரண நீரை ஒருமுறை தெளித்து இலைகளைக் கழுவிவிடுங்கள். வாரம் ஒரு பகுதியாக நான்கு வாரத்தில் முழுப் புல்தரையையும் சுற்றி வந்துவிடலாம்.